பச்சை எரிந்தால் மட்டும்

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பெயர் சோணைமுத்து. ஒருத்தன் படிக்கட்டில் கால் வைக்கும்போதே இவன் டிக்கெட் எடுப்பானா, செக்கிங் வரும்வரை ஜன்னலை வேடிக்கை பார்ப்பானா என்று சொல்லிவிடுவேன். எங்கள் செட்டுக்குப் பிறகு பஸ்ஸில் கண்டக்டரும் கிடையாது, டிரைவரும் கிடையாது. அது தானே போய்த் தானே திரும்புகிறது. அதை விடுங்கள். என்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று மதுரை முழுக்கச் சொல்லித் திரிந்த ஆள் நான். அந்தப் பேச்சுக்கு ஒரு கதவுமணி வேட்டு வைத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வருஷம் வைகாசியில் என் மனைவி பூங்கோதை ஏமாந்தாள். நான் டீக்கடைக்குப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் நடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். விளக்குப் பவுடர் கம்பெனியாம். முதலில் குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளவென்று காட்டினார்கள். அடுத்து வெள்ளிக் கொலுசு. அடுத்து அவளுடைய ஐந்து பவுன் தாலிச்சங்கிலி. அதை ஒரு டிபன் டப்பாவில் மஞ்சள் தண்ணீரோடு போட்டு மூடி, "அடுப்புல வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அஞ்சு நிமிஷம் கழித்துத் திறந்தாள். மஞ்சள் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நான் நாலு நாள் திட்டினேன். "அறிவிருக்காடி உனக்கு? பன்னெண்டாவது படிச்சவதான நீ?" என்று, நடையில் நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்குப் பிறகு அவள் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மணி அடித்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருநாள் அவள் சொந்தத் தங்கச்சி உசிலம்பட்டியிலிருந்து வந்து அரை மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"குரல் அவ குரல் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்குத்தான் ஆளை எடை போடத் தெரியலையேங்க. தெரியாதவ எதுக்குத் திறக்கணும்?" என்றாள்.

அப்போதும் நான் வாய் திறந்து என் தப்பு என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மெய்மணி வாங்கினேன்.

எங்கள் அமைதிச்சோலை குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். நான்தான் சங்கச் செயலாளர். புதிதாக வந்திருந்த அந்த மணியை எல்லா வீட்டு வாசலிலும் மாட்டச் சொல்லித் தீர்மானம் போட்டேன். பார்க்க ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்னால் நின்று பேசுகிறவனின் குரலையும் முகத்தையும் கவனித்து, உண்மை பேசினால் பச்சை விளக்கு, பொய் பேசினால் சிவப்பு விளக்கோடு ஓர் ஊளை. மாட்ட வந்த பொண்ணு விளக்கமாகத்தான் சொன்னாள்.

"பொய் சொல்றப்ப தொண்டை இறுகும் சார். மூக்கு நுனியில சூடு மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்."

"அப்ப ஒருத்தனும் தப்பிக்க முடியாதுண்டு சொல்லு."

"அப்படி இல்ல சார். அவர் சொல்ற விஷயம் உண்மையான்னு இதுக்குத் தெரியாது. அவர் அதை நம்பிச் சொல்றாரான்னு மட்டும்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

சட்டமும் நான்தான் எழுதினேன். பச்சை எரிந்தால் மட்டும் கதவைத் திறக்க வேண்டும். சிவப்பு வாங்கினவரின் முகம் உடனே நாற்பத்தெட்டு வீட்டு மணிக்கும் போய்விடும். ஒரு வருஷத்துக்கு அவருக்கு உள்ளே அனுமதி கிடையாது. பக்கத்து மூன்று குடியிருப்புகளும் எங்களோடு சேர்ந்துகொண்டன. முதல் மாதமே தோஷம் கழிக்க வந்தவன் ஒருத்தன், குலுக்கலில் பிரிட்ஜ் விழுந்திருக்கிறது என்று வந்தவன் ஒருத்தன், இல்லாத அநாதை இல்லத்துக்கு நன்கொடை கேட்ட அம்மா ஒருத்தி, மூன்று பேரும் சிவப்பில் மாட்டினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

பூங்கோதைக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. கதவுக்கு உள்ளே நின்று மணி வழியாகப் பேசுவாள். "பச்சைதான். போய்த் திறங்க" என்று என்னைக் கூப்பிடுவாள். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தானே தாழ்ப்பாளை நீக்கினாள். அது இலக்கியா.

இலக்கியா சுகாதார நிலையத்துப் பொண்ணு. முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வருவாள். கையில் கட்டுகிற கடிகாரமே பிரஷரையும் சர்க்கரையையும் சொல்லிவிடுகிற காலம்தான். ஆனால் மாத்திரையை விழுங்கினோமா, ஜன்னல் வழியாக எறிந்தோமா என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே. அவள் வந்தால் பூங்கோதை அரை மணி நேரம் பேசுவாள். அந்த அரை மணி நேரத்துக்கு என் வீட்டில் பழைய பூங்கோதை இருப்பாள்.

பங்குனி மாத வெயில். மதியம் ஒரு மணி. லிப்ட் வேலை செய்யவில்லை. இலக்கியா மூன்று மாடி ஏறி வந்து மணியை அழுத்தினாள். பூங்கோதை கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே, "இந்தா வந்துட்டேன். சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா. இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்."

மணி ஊளையிட்டது. சிவப்பு.

பூங்கோதையின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. நான் ஓடிவந்தேன். "என்னம்மா மறைக்கிற?" என்று அதட்டினேன்.

"நான் ஒண்ணும் மறைக்கலை சார்."

மறுபடியும் சிவப்பு. அதற்குள் நாற்பத்தெட்டு வீட்டு மணியிலும் அவள் முகம் போய்விட்டது. எதிர்வீட்டில் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. ரெண்டு வருஷமாக எனக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்த பொண்ணு. ஜன்னல் வழியாகவே அவளைப் பார்த்து, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா, போயிட்டு வா" என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். அவளுக்கு ஒப்பந்த வேலை. மாதம் இத்தனை வீடு பார்த்தால்தான் அடுத்த வருஷம் வேலை. நாலு குடியிருப்பு ஒரே நாளில் மூடிவிட்டது.

பூங்கோதை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "இவளையும் எனக்குத் தெரியலையே" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மணி வழியாகப் பேசுவதும் நின்றது.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயசு, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் பை.

"வணக்கம் சார். என் பேரு வேல்ராஜ். மெய்மணி கம்பெனியிலேருந்து வரேன். இலவச சர்வீஸ்."

பச்சை.

"வீட்டுத் தலைவரோட கைரேகையைப் புதுசாப் பதியணும் சார். இன்னைக்கு ஒருநாள்தான். பதியலைண்டா நாளையிலேருந்து மணி வேலை செய்யாது."

பச்சை. கண்ணை உறுத்தாத, நல்ல இலைப் பச்சை. கதவைத் திறந்துவிட்டேன். அவர் வாசலிலேயே மணிக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்து நீட்டினார். பெருவிரலை வைக்கப் போனவன் ஏனோ ஒரு தடவை இழுத்துக்கொண்டு, வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினேன். பச்சைதானே எரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஆளைக் கண்டு பயம் இருந்தாலும் அந்தக் கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. காலையில ஒரு டீ குடிச்சதுதான். நாப்பத்தெட்டு வீட்டையும் மூணு மணிக்குள்ள முடிக்கணும்டு சொல்லிருக்காக."

பச்சை.

பூங்கோதை கரண்டியோடு வெளியே வந்தாள். மணியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "விரலை எடுங்க" என்றாள்.

"ஏய், பச்சைதானடி எரியுது!"

"எடுங்கண்டா எடுங்க." அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி இம்புட்டு அவசரம்?"

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா சொல்லிவிட்டாக. யாருக்கும் போன் போட்டு நேரத்தை வீணாக்க வேணாம்டாக."

"அன்னைக்கு வந்தவனும் இதத்தான் சொன்னான். அஞ்சு நிமிஷம்தான், பக்கத்து வீட்டுல கேட்டு நேரத்தைக் கடத்தாதீகண்டான்." அவள் என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தம்பி பொய் சொல்லலைங்க. இவருகிட்ட யாரோ பொய் சொல்லி அனுப்பிருக்காங்க."

மணியோடு வந்த அட்டையைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணுக்கு அவளே பேசினாள். அப்படி ஒரு சர்வீஸே கிடையாது, கைரேகை எதுவும் கேட்பதில்லை என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். வேல்ராஜ் தன் ஆபீசருக்குப் போன் போட்டார். நாலு தடவை போட்டார். அணைத்து வைத்திருந்தது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த வேலைக்கு முன்பணம் கட்ட மனைவியின் தோட்டை அடகு வைத்தாராம். மில்லில் வேலை போய் எட்டு மாசமாம். கட்டிய பணத்துக்கு அந்த அட்டையும் சட்டையும்தான் மிச்சம். அவர் வாங்கும் ரேகையெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

பார்த்தீர்களா? பொய் பேசினால் மணி காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்ததும், திருட்டுப்பயல்கள், தான் சொல்வது பொய் என்றே தெரியாத மனுஷனைப் பிடித்து அனுப்ப ஆரம்பித்துவிட்டான்கள்.

பூங்கோதை அவரைத் திட்டவில்லை. ரசஞ்சோறும் அப்பளமும் தட்டில் போட்டு வந்து வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போயி போலீசுல எழுதிக் குடுங்க தம்பி. ஏமாந்தது நீங்க. நீங்க தலையைக் குனியாதீங்க" என்றாள். பொருளாளர் ஜபருல்லா பாய் தன் ஸ்கூட்டரில் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, அவன் மூஞ்சியைப் பார்த்ததுமே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று கதை விட்டேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

வீட்டுக்கு வந்தால் பூங்கோதை எனக்காகக் காத்திருந்தாள். "இலக்கியா அன்னைக்குச் சாப்பிடலைங்க" என்றாள்.

"என்னது?"

"பசியோட வந்திருக்கா. சாப்பிட்டேண்டு சொன்னா. அதான் சிவப்பு. இன்னைக்கு இந்தத் தம்பி சாப்பிடலைண்டு ஒளிக்காமச் சொன்னாரு, பச்சை எரிஞ்சுச்சு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு."

"அதுக்குப் பேரு பொய் இல்லாம என்ன?"

"ரெண்டு பேருக்கு வடிச்ச சோத்துல கை வைக்கக் கூடாதுண்டு நினைச்சிருக்கா. அதுக்குப் பேரு மரியாதை. நான் பாசமாக் கேட்டேன், அது அவ வேலைக்கு உலை வச்சுருச்சு." அவள் கண் கலங்கியது. "கூட்டத்தைக் கூட்டுங்க. நம்ம வாசல்லயே கூட்டுங்க. நான் உள்ள இருந்து பேசுறேன். வெளிய வர எனக்கு இன்னும் முகம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். கமிட்டி ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஓர் இருபது பேர். நானும் அவர்களோடு வெளியேதான். கதவு சாத்தியிருந்தது, உள்ளே தாழ்ப்பாள். மணிக்குள்ளிருந்து பூங்கோதையின் குரல் வந்தது.

"ரெஜினா டீச்சர், இட்லி சுடச்சுட இருக்கு. ரெண்டு வைக்கவா?"

"ஐயோ, வேணாம் பூங்கோதை. வயிறு நிறைஞ்சிருக்கு" என்றார் துணைச் செயலாளரான டீச்சர்.

சிவப்பு. ஊளை. நாற்பத்தெட்டு வீட்டிலும் டீச்சரின் முகம்.

"ஜபருல்லா பாய், உங்களுக்கு?"

"எனக்கெதுக்கும்மா, இப்பத்தான் தோசை சாப்பிட்டு வந்தேன்."

சிவப்பு. பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சோணையண்ணே, உங்க சட்டப்படி ஒரு வருஷம் நான் உள்ள வரக்கூடாது. நான் எங்கிட்டுப் போயிப் படுக்குறது?" என்று அவர் கேட்டதும் நடை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "பாவம் அந்தப் பொண்ணு" என்றார். சிரிப்பு அடங்கியது.

"இப்ப நீங்க வாங்க" என்றது குரல். என்னைத்தான்.

"நான் வீட்டுக்காரன். எனக்கென்ன பரீட்சை?" என்று வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மணிக்கு முன்னால் போய் நின்றேன். இட்லியைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

"உங்களை யாராச்சும் ஏமாத்திருக்காங்களா?"

"என்னையா? என்னை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறந்து வரணும்!"

சிவப்பு எரிந்தது. அந்த ஊளை போல நீளமான சத்தத்தை நான் என் சர்வீசில் கேட்டதில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அந்தச் சோப்புப் பெட்டி என் வேட்டியை உருவிவிட்ட மாதிரி இருந்தது.

மறுபடியும் ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மணி எரிந்துகொண்டே இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒருத்தன் ஏமாத்திட்டான்" என்றேன். "பென்சன் ஆபீஸ்லேருந்து வரேண்டான். ஆயுள் சான்று எடுக்கணும், பெருவிரலை வையுங்கண்டான். வச்சேன். மூணு மாசப் பென்சனைத் துடைச்சுட்டான். ஆபீஸ்ல ஏதோ தகராறு, பென்சன் நின்னுபோச்சுண்டு உங்கிட்ட சொன்னேனே, அது பொய்."

பச்சை.

உள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்: "எப்ப?"

"உன் சங்கிலி போறதுக்கு எட்டு மாசம் முன்னாடி."

"நீங்க அன்னைக்கே சொல்லிருந்தா," என்றாள், "வெள்ளைச் சட்டைக்காரனுக்கு நான் கதவைத் திறந்திருப்பேனாங்க?"

மணிக்கு முன்னாலிருந்து விலகிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜபருல்லா பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். மணிக்கு முன்னால் வந்து நின்று, "எனக்கும் ஒண்ணு இருக்கு. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறேண்டு ஒரு தரகர் வந்தாரு" என்று ஆரம்பித்தார். பச்சை எரிந்தது. அடுத்து டீச்சர். அதற்கடுத்து, யாரோடும் பேசாத ரெண்டாம் மாடிக்காரர். அன்றைக்குப் பதினொரு பேர் சொன்னார்கள். பதினொரு பச்சை. எங்கள் நாற்பத்தெட்டு வீட்டில் இத்தனை பேர் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு, திருடன் அடுத்த வீட்டுக்குப் போக வழிவிட்டிருக்கிறோம்.

சட்டத்தை அங்கேயே திருத்தினோம். மணி இருக்கட்டும், அது சொல்வதைக் கேட்டுக்கொள்வோம், முடிவை நாம் எடுப்போம். அவசரப்படுத்துகிறவன் எவனானாலும் கதவு சாத்தியே இருக்கும். ஏமாந்தவர் அன்றைக்கே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். கேட்கிறவர் அறிவிருக்கா என்று கேட்கக் கூடாது, கேட்டால் அபராதம். டீச்சர் இலக்கியாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். சுகாதார நிலையத்துக்கும் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் போய்விட்டார்கள். நாற்காலிகளை அடுக்கி வைத்தேன். கதவு சாத்தியே இருந்தது. அவளாகத் திறந்தால்தான் உண்டு. தட்டவும் தைரியம் வரவில்லை. மணிக்கு முன்னால் போய் நின்றேன்.

"பூங்கோதை," என்றேன். "உன்னை நாலு நாள் திட்டினேன்ல. அது உன்னைத் திட்டினது இல்ல. என்னையத்தான் திட்டிக்கிட்டேன், உன் தலையில போட்டு. நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். பச்சை எரியவில்லை. சிவப்பும் எரியவில்லை. என் வார்த்தை அந்த இயந்திரத்துக்கே ஏறவில்லையோ என்று பயந்துபோனேன். இன்னும் கிட்டப் போய், சத்தமாக, "சத்தியமாச் சொல்றேன், என்னை மன்னிச்சிரு" என்றேன். விளக்கு இருட்டாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது. கதவு முழுசாகத் திறந்தது. பத்து மாசத்துக்குப் பிறகு, விளக்கு எதுவும் எரியாமல், அவளாகத் திறந்த கதவு. பூங்கோதையின் கையில் மணியின் ஒயர் தொங்கியது. நான் பேச ஆரம்பிக்கும் முன்பே பிடுங்கியிருக்கிறாள்.

"அதை ஏன் பாக்குறீங்க?" என்றாள். "என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. பசிக்குது."

"இட்லி ஆறிப்போச்சு. வாங்க, திரும்ப ஊத்துறேன்" என்று சொல்லி வழிவிட்டாள்.